சலூனுக்குப் போன லூசியான்

தனேஸ்வரி பாரிஸில் ஒன்பது வருஷம் ஹோட்டல் அறைகளைக் கூட்டித் துடைத்துவிட்டுச் சிட்னிக்கு வந்தவர். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றாலும் பிரெஞ்சு வாயில் ஒட்டிக்கொண்டது. பென்டில் ஹில்லுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் காய்கறி வெட்டிக்கொண்டிருந்தவரை, மதாம் ஓடெட்டுக்குச் சாப்பாடு ஊட்ட மாற்றியதும் அந்தப் பிரெஞ்சுக்காகத்தான். ஓடெட்டுக்குத் தொண்ணூறு வயது, மறதி நோய். இங்கிலீஷ் முழுக்கப் போய்த் தாய்மொழியான பிரெஞ்சு மட்டும் மிஞ்சியிருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் அவருக்கு ஒரு பழைய பிரெஞ்சுப் படம் போடுவார்கள். மேடையில் ஆடிய சிரிப்பு நாடகத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தது. ஒரே வீடு, ஏழெட்டுக் கதவு. புருஷன் அலமாரிக்குள் ஒளிந்திருக்க, ஐயா சலூனுக்குப் போயிருக்கிறார் என்று வேலைக்காரி எசமானியிடம் சொல்வாள். அதைக் காப்பாற்ற இன்னும் இருபது பொய். ஓடெட் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். சிரித்த கையோடு தட்டையும் காலி செய்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை படம் முடிந்ததும், "என் லூசியான் எங்கே?" என்று கேட்டார்.

புருஷன் லூசியான் செத்துப் பதினொரு வருஷம்.  தனேஸ்வரியின் வாயில் வந்தது படத்து வசனம்தான். சலூனுக்குப் போயிருக்கிறார், இப்போது வந்துவிடுவார் என்றார்.

ஓடெட்டின் முகம் மலர்ந்தது. தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு தட்டைத் தள்ளி வைத்தார். அவர் வரட்டும், சேர்ந்து சாப்பிடலாம் என்றார்.

எல்லாவற்றையும் மறக்கிறவர் இதை மட்டும் மறக்கவில்லை. புதன்கிழமை சலூனில் கூட்டம் என்றார் தனேஸ்வரி. வியாழக்கிழமை ரயில் தாமதம். தட்டு தொடாமலே திரும்பிப் போனது; கொஞ்சம் பால் மட்டும் உள்ளே போனது. கூட வேலை செய்யும் சிவாஜினி பகிடி விட்டாள்: "அக்கா, நீங்கள் இப்ப அந்தப் படத்து வேலைக்காரியாவே மாறிட்டியள்."

மேற்பார்வையாளர் கிரண் சென்னைப் பிள்ளை. தனேஸ்வரி அவரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அவர் திட்டவில்லை. "உண்மையைச் சொன்னா அவங்களுக்குத் தினமும் புதுசா ஒரு சாவு விழும்க்கா. ஆனா திங்கட்கிழமையும் சாப்பிடலைன்னா ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மேய்ஸ் ஹில் கோயிலில் முருகனுக்கு முன்னால் நின்றபோது என்ன கேட்பதென்று தெரியவில்லை. சொன்ன பொய்யை மன்னியும் என்பதா, இன்னொரு நல்ல பொய்யைத் தாரும் என்பதா? விபூதியைப் பூசிக்கொண்டு ஒன்றும் கேட்காமலே வந்துவிட்டார்.

திங்கட்கிழமை கதிரையை இழுத்துப் போட்டு ஓடெட்டின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"லூசியான் காலமாகிவிட்டார், மதாம். நான் சொன்னதெல்லாம் பொய்."

ஓடெட் அழவில்லை. 

"அப்படியென்றால் என்னை ஏன் காத்திருக்க வைத்தாய்?"

தனேஸ்வரி தலை குனிந்தபடி ஒரு கரண்டி சூப்பை நீட்டினார். ஓடெட் வாய் திறந்தார். விழுங்கினார். இரண்டாவது கரண்டியும் இறங்கியது. முருகா என்று தனேஸ்வரியின் மனம் மெல்ல மூச்சு விட்டது.

மூன்றாவது கரண்டிக்கு ஓடெட் வாயை மூடிக்கொண்டார். கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, அதே அன்பான குரலில், "லூசியான் எங்கே?" என்று கேட்டார்.

கரண்டி அந்தரத்தில் நின்றது. தனேஸ்வரியிடம் இருந்த பொய், உண்மை இரண்டுமே முடிந்து போயிருந்தன.