ஒரு எலியின் எடை

மஸ்கோகி ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்லீன் ஸ்டோக்ஸ் குழந்தைகளிடம் கண்டிப்பானவள். பாம்புகளிடம் அந்தக் கண்டிப்பு செல்லாது. வீட்டை ஒட்டிய கார் கொட்டகையில் பதினான்கு பெட்டிகளில் பதினான்கு பாம்புகள் வைத்திருந்தாள். எல்லாம் பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்கக் குட்டை மலைப்பாம்புகள். பெட்டிக்கு ஒரு அட்டை. அதில் தின்ற நாள், தோல் உரித்த நாள், எடை.

எடைதான் முக்கியம். ஆயிரத்து ஐந்நூறு கிராம் தொடாத பெண் பாம்பை ஆணோடு சேர்க்கக் கூடாது என்பது பாம்பு வளர்ப்பவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட வழக்கம். கருவுற்ற பாம்பு மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். உடம்பில் சேமிப்பு இல்லாவிட்டால் முட்டையை வெளியே தள்ளத் தெம்பிருக்காது.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு புதன்கிழமை காலை மேபல் ஆறு முட்டை இட்டது. வெண்ணெய் நிறத்தில் பழுப்புத் திட்டுகள் கொண்ட மேபல், வெர்லீனின் செல்லம். ஆறையும் எடுத்து அடைகாப்புப் பெட்டியில் வைத்துவிட்டு அதன் வயிற்றை மெல்லத் தடவியபோது, வாலுக்குச் சற்று மேலே இன்னொரு மேடு கையில் தட்டுப்பட்டது. வியாழக்கிழமை பேருந்தை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள். மேடு அதே இடத்தில் இருந்தது. மேபல் வாயை லேசாகத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

ஆண் பாம்பைக் கொடுத்திருந்த கோடெல்லுக்குப் போன் செய்தாள். முப்பது தாண்டியும் அம்மா வீட்டிலேயே இருப்பவன், எல்லாவற்றுக்கும் கைவைத்தியம் வைத்திருப்பவன்.

"மிஸ் வெர்லீன், பதறாதீங்க. வெதுவெதுப்பான தண்ணில போட்டு, கட்டைவிரலால அழுத்திக்கிட்டே வாலுப் பக்கமா தள்ளுங்க. பற்பசை மாதிரி வந்துரும்."

"உள்ள கிழிஞ்சா?"

"கிழியாது. எங்கிட்ட ரெண்டு தடவை கிழியல."

"மொத்தம் எத்தனை தடவை செஞ்சே?"

கோடெல் கொஞ்சம் யோசித்தான். "மூணு."

அவள் போனை வைத்தாள். கணவன் கிளிஃப்டன் ஏற்கெனவே லாரிச் சாவியைக் கையில் வைத்திருந்தான்.

"டல்சாவுல பாம்பு பார்க்கிற டாக்டரம்மா இருக்காங்கள்ல, கிளம்பு. என் முதுகுவலிக்கு நீ இவ்வளவு முகம் வாடினதே இல்ல."

"உன் முதுகுவலி இருபது வருஷமா அங்கேயேதான் இருக்கு. இவளுக்கு நாளைன்னு ஒண்ணு இருக்கான்னே தெரியல."

வழி முழுக்க மேபல் துணிப்பைக்குள் அவள் மடியில் கிடந்தது. அவள் நவம்பர் மாதத்து ஒரு ஞாயிறை நினைத்துக்கொண்டிருந்தாள். அதே வருடம் முட்டையிட்டு மெலிந்த மேபல் அப்போதுதான் தேறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வருடம் ஓய்வு கொடுத்திருக்கலாம். ஆனால் கோடெல்லின் ஆண் பாம்பு அந்த மாதம்தான் கிடைக்கும். அந்த ஜோடியில் தந்த நிறக் குட்டிகள் பிறக்கும் என்று மூன்று வருடக் கனவு. நிறுத்துப் பார்த்தாள். ஆயிரத்து ஐந்நூற்று இருபது. அட்டையில் எழுதினாள். முந்தின நாள் மாலைதான் மேபல் ஒரு முழு எலியை விழுங்கியிருந்தது என்பதை எழுதவில்லை.

தெரியாமல் செய்த தவறென்று அதைச் சொல்ல முடியாது. எழுதும்போதே அவளுக்குத் தெரியும். ஆசைப்படுகிறவர்கள் இப்படித்தான், தாங்கள் நம்ப விரும்பும் எண் வரும் நாளாகப் பார்த்து நிறுக்கிறார்கள்.

டாக்டர் ட்ரான் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். ஒரு முட்டைதான், பெரிது, கோணலாகக் கிடக்கிறது.

"ஜோடி சேர்த்தப்போ என்ன எடைம்மா?"

வெர்லீன் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். டாக்டர் படித்துவிட்டு, "எடை சரியாத்தானே இருக்கு? அப்போ வேற ஏதாவது நோயான்னு பார்க்கணும். ரத்தம் எடுக்கணும், மயக்க மருந்து கொடுக்கணும்..." என்று ஆரம்பித்தார்.

"வேணாம் டாக்டர்." வெர்லீன் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "அது எலியோட சேர்த்து நிறுத்தது. நூத்திப் பத்து கிராம் எலி. போன வருஷமும் முட்டை போட்டா. அவளுக்குத் தெம்பு இல்ல. நோய் கிடையாது, நான்தான்."

கிளிஃப்டன் சுவரிலிருந்த ஆமைப் படத்தை உற்றுப் பார்க்கத் தொடங்கினான்.

டாக்டர் திட்டவில்லை. "சொன்னது நல்லதாப் போச்சு. இவ்வளவு இளைச்ச உடம்பு மயக்க மருந்தைத் தாங்கியிருக்குமோ என்னவோ" என்று மட்டும் சொன்னார். பிறகு செதில்களுக்கு நடுவே மெல்லிய ஊசியைச் செலுத்தி முட்டையின் உள்ளிருந்ததை உறிஞ்சி எடுத்தார். மஞ்சளாக, கெட்டியாக வந்தது. இன்னொரு நாள் போயிருந்தால் உள்ளேயே இறுகியிருக்குமாம். "சுருங்கின முட்டைத்தோலை இனி அவளே தள்ளணும். நாளை சாயங்காலத்துக்குள்ள வரலேன்னா அறுவைதான்."

மறுநாள் மூன்று மணிக்கு, பள்ளி வாசலில் பேருந்தை நிறுத்தியிருந்தபோது கிளிஃப்டன் கூப்பிட்டான்.

"வந்துருச்சு. காத்துப்போன பலூன் மாதிரி இருக்கு. தூக்கிப் போட்டுறவா?"

"போடு. அவ எப்படி இருக்கா?"

"உன்னை மாதிரியே. என்னை முறைக்கிறா."

அன்று பேருந்தில் கத்திப் பாடிய குழந்தைகளை அவள் அதட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் மேபலை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினாள். பெட்டியையும் தேய்த்துக் கழுவினாள். முட்டைகளை எடுத்துவிட்ட பிறகும், வாசனை இருக்கும்வரை தாய்ப்பாம்பு அவை இருப்பதாக எண்ணிச் சுருண்டு கிடக்கும், இரையைத் தொடாது.

அப்படியும் ஆறு வாரம் தொடவில்லை. ஏழாவது வாரம் கோடெல் வந்திருந்த ஒரு சனிக்கிழமை, சுண்டெலி ஒன்றை இடுக்கியில் காட்டினாள். மேபல் நெடுநேரம் பார்த்துவிட்டுச் சட்டென்று கவ்வியது. வெர்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா தேறிருவா, மிஸ் வெர்லீன். அடுத்த வருஷம் இல்லேன்னாலும் அதுக்கடுத்த வருஷம் என் பாம்புப் பையனைக் கொண்டு வர்றேன்."

"வேணாம் கோடெல். இவளுக்கு இனி ஜோடி கிடையாது."

"அப்போ ஒரு பிரயோஜனமும் இல்லாம, சும்மா சோறு போட்டு வெச்சுக்கப் போறீங்களா?"

"உங்கம்மா உன்னை அப்படித்தானே வெச்சிருக்காங்க" என்றாள் வெர்லீன்.