தொட்டிலுக்கு மேலே ரீனியம்

பம்ப்பக்காவுக்கு இருட்டு, பாம்பு, மேலதிகாரி எதற்கும் பயமில்லை. ஆய்வுக்கூடத்துப் பெரிய வளையக் குழாய்க்குள் பொட்டுக் காற்றுகூட இல்லாதபடி உறிஞ்சி எடுக்கும் பம்புகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அப்பேர்ப்பட்டவளே அன்று தேநீர் இடைவேளையில் பயந்துபோனாள்.

விஞ்ஞானி பேச்சுவாக்கில்தான் சொன்னார். "உலோகத்துலயே இந்த ரீனியம் ரொம்பப் பொறுமைசாலிக்கா. கதிர்வீச்சு விட்டுப் பாதி சிதையறதுக்கே நாலாயிரம் கோடி வருஷத்துக்கு மேல ஆகும். ஆனா எலக்ட்ரானை எல்லாம் பிடுங்கிட்டா, முப்பத்திச் சொச்ச வருஷத்துல பாதி காலி!"

ரீனியமா! குப்பைக்குப் போகவிருந்த ரீனியத் தகட்டுத் துண்டைக் கேட்டு வாங்கி, நூலில் கோத்து, மகளின் தொட்டிலுக்கு மேலே தொங்கவிட்டிருந்தாள் அவள். சும்மாவா விட்டாள்? பளபளக்கட்டும் என்று தினமும் கம்பளித் துணியால் தேய் தேயென்று தேய்த்தாள். தேய்த்தால் எலக்ட்ரான் கழன்றுபோகும் என்று பள்ளியில் சீப்பை வைத்துக் காட்டியது வேறு அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. அடிப்பாவி, பெற்ற பிள்ளைக்கு நானே எமனாகிவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

திக்கித் திணறிச் சொன்னதும் விஞ்ஞானி சிரித்துவிட்டார்.

"தேய்ச்சா மேலாப்புல ஒண்ணு ரெண்டு போகும், உடனே திரும்பிடும். ஒரு அணுவுல எழுபத்தஞ்சு இருக்கு, அத்தனையும் போகணும்க்கா. அப்பதான் கருவுலேர்ந்து பொறக்கற எலக்ட்ரான் வெளிய ஓடாம காலி இடத்துலயே உக்காந்துக்கும், சிதைவும் வேகமாகும். குழாயில கொஞ்சம் காத்து இருந்தாலும், உள்ள சுத்தற அணு அதுல மோதி எலக்ட்ரானைப் பிடிச்சுக்கும். அதுக்குத்தானே உங்க பம்பு?"

"அப்ப உங்க பிள்ளைக்குத் தொங்க விடுவீங்களா?"

அவர் சிரிப்பு நின்றது. "கதிர்வீச்சை நெனச்சு இல்லக்கா... பாப்பாவுக்குப் பல்லு முளைக்குதுன்னீங்களே. தகடு எவ்ளோ பெருசு?"

அவள் கட்டைவிரல் நகத்தைக் காட்டினாள். காட்டிய விரல் காட்டியபடியே நின்றது.

வீட்டில் போனை எடுத்த கணவன் குரலில் ஒரு கவலையும் இல்லை. "பாப்பாவா? இப்பதான் முழிச்சா. சத்தமே போடாம இருக்கா."

"தொட்டிலுக்கு மேல பாருங்க!"

"என்ன பாக்கணும்? நூல் மட்டும் தொங்குது."

"வாயைப் பாருங்க! வாயைத் தொறந்து பாருங்க!"

போன் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு எதுவுமே கேட்கவில்லை. பம்ப்பக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

கடைசியில் பிள்ளை வீறிட்டு அழுதது. "எடுத்துட்டேன், எடுத்துட்டேன், கன்னத்துல அடக்கி வெச்சிருந்தா" என்று கணவன் உளறியது அவள் காதில் ஏறவில்லை. அழுகையை மட்டும் கேட்டபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.