பனையோலை வைத்த பக்கம்

எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். வாயைத் திறக்க முடியாத இடமென்றால் கை சும்மா இருக்காது. அப்படி என் கை செய்த காரியத்தால் ஒரு பச்சைப் பிள்ளை சாகப் பார்த்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து வாக்கில் இருக்கும். எனக்கு இருபது வயது. தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன ஊரில் அப்பா கிறிஸ்தவ சபைக்கு உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதம் வாசிப்பது அவர்தான். எந்த ஞாயிறு எந்த அதிகாரம் என்று அச்சடித்த அட்டவணை உண்டு. அப்பாவுக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. பெரிய எழுத்து வேதத்தை எப்படியோ வாசித்துவிடுவார், அட்டவணையின் பொடி எழுத்து தெரியாது. அதனால் சனிக்கிழமை சாயங்காலம் நான் போய், அட்டவணையைப் பார்த்து, உரிய பக்கத்தில் ஒரு பனையோலை நறுக்கை வைத்துவிட்டு வருவேன். ஓலை இருக்கும் பக்கத்தை அப்பா வாசிப்பார்.

சபையில் கொழும்பு வியாபாரி ஒருவரின் மனைவி இருந்தாள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். புருஷன் கொழும்பில் கடை போட்டு நாலே வருஷத்தில் இவளுக்கு ஆற்றுப் பாசனத்தில் வயலும், ஊருக்குள் காரை வீடும் வந்துவிட்டன. காதில் தோளைத் தொடும் பாம்படம், கை நிறைய வளையல். ஊரே கண்ணை மூடி ஜெபிக்கும்போது அந்த வளையல் சத்தம்தான் கேட்கும். அதுகூட எனக்குப் பெரிதில்லை. ஒரு ஞாயிறு, கோயிலில் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்த என் அம்மாவைப் பார்த்து, "உபதேசியார் வீட்டம்மா, நீங்க பின்னால போயி இருங்க. என் சேலை கசங்குது" என்றாள். அம்மா எழுந்து பின்னால் போனாள். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அட்டவணை சொன்ன பக்கம் ஒன்று, நான் ஓலை வைத்த பக்கம் ஒன்று. எருசலேமின் செல்வச் சீமாட்டிகள் கழுத்தை நெட்டி, சிலம்பு ஒலிக்க நடந்ததற்காக, காதணி, வளையல், மோதிரம், பட்டு என்று ஒவ்வொன்றாகக் கர்த்தர் உரிந்துபோடுவார் என்று பழைய தீர்க்கதரிசி ஒருவர் இடி மாதிரி சொல்லும் இடம் அது. வாங்கிக் கட்டிக்கோ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் அப்பா ஓலையைப் பார்த்து ஒரு கணம் நின்றார். பிறகு வாசித்தார். வளையல் என்ற வார்த்தை வந்தபோது பெண்கள் எல்லோரும் முன்பாயைப் பார்த்தார்கள். அக்காவின் கை மடியில் அப்படியே கிடந்தது. அன்று சத்தமே இல்லை. வீட்டில் அப்பா கேட்டார்: "அட்டவணையில இதானாம்மா இருந்துது?" நான் ஆமாம் என்றேன்.

செவ்வாய்க்கிழமை அவளுடைய ஒரே பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. ரெண்டு வயசு ஆண் பிள்ளை. புதன்கிழமை வலிப்பு. ஒத்தாசைக்குப் போன அம்மா வெள்ளிக்கிழமை காலையில் முகம் வெளுத்துத் திரும்பி வந்தாள்.

"மருந்தே வேண்டாங்குதா. கர்த்தர் அடிக்கும்போது குறுக்க கைய நீட்டக் கூடாதாம். அப்பா வாசிச்ச அன்னைக்கே தெரிஞ்சுபோச்சுன்னு சொல்லுதா. பிள்ள கண்ணு சொருகுது."

ஓலையை மாற்றியதைச் சொன்னால் உபதேசியார் மகள் வேதத்தோடு விளையாடினாள் என்று ஊர் காறித் துப்பும், அப்பா வேலைக்கே ஆபத்து. சொல்லாவிட்டால் பிள்ளை போய்விடும். வீட்டு வேதத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அக்கா பாம்படத்தைக் கழற்றிவிட்டிருந்தாள். வடித்து வளர்த்த காது மடல்கள் வெறுமனே தொங்கின. மடியில் பிள்ளை அனலாய்க் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னேன்.

"அக்கா, அது அன்னைக்குள்ள பாடம் இல்ல. அம்மாவ எழுப்பி விட்டீங்கல்லா, அந்தக் கோவத்துல ஓலைய நான்தான் மாத்தி வச்சேன். கர்த்தர் ஒண்ணும் சொல்லல. எல்லாம் நான் செஞ்ச வேல."

ஜெபம் நின்றது. ஏசுவாள், அடிப்பாள் என்று நின்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏட்டி, ஓலைய வச்சது நீ. அந்த வார்த்தைய எழுதுனதும் நீயா?"

"இல்லக்கா" என்றேன்.

"பொறவு என்ன?"

பிள்ளையின் கால் வெட்டி இழுத்தது. நான் வேதத்தை விரித்துப் பிடித்தேன். "அக்கா, அதுல நகையச் சொல்லியிருக்கு, நடையச் சொல்லியிருக்கு. பிள்ளையக் கேக்கலக்கா. ஒரு எடத்துலயும் கேக்கல!"

அவளுக்கு எழுத்துத் தெரியாது. என் கையிலிருந்த வேதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "படி" என்றாள்.

படித்தேன். ஒரு வரி விடாமல் படித்தேன். முடித்ததும், "இன்னொரு மட்டம் படி" என்றாள். மறுபடியும் படித்தேன். தாமதமாகிற ஒவ்வொரு நிமிஷமும் எனக்கு உயிர் போய் வந்தது.

"இப்பமும் பக்கத்த மாத்திப் படிக்கலயே?"

"சத்தியமா இல்லக்கா."

அவளுக்கு என்னை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. பொய் சொன்னவள் நான், வாசிக்கத் தெரிந்தவளும் நான். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "வண்டியப் பூட்டச் சொல்லு."

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு மூன்று மணி நேர வண்டிப் பாதை. என் அம்மாதான் கூடப் போனாள். வண்டி கிளம்பியதும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. மறுநாள் சாயங்காலம் நான் கோயிலுக்குக் கிளம்பியபோது கையை நீட்டினார். ஓலையைக் கொடுத்தேன். அம்மா அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தாள். அதற்குப் பிறகு எழுத்துக்கூட்டி வாசிக்கிற அம்மாதான் அட்டவணையைப் பார்த்து ஓலை வைத்தாள்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அக்கா, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பின்பாயில் உட்கார்ந்தாள். அம்மா எவ்வளவோ கூப்பிட்டும் முன்னால் வரவில்லை. பாம்படத்தை அவள் மறுபடி போடவே இல்லை. கர்த்தர் கேட்ட நகையைத் தான் கொடுத்துவிட்டதாக ஊரில் எல்லோரிடமும் சொன்னாள். நான் அவளுக்குப் பின்னால்தான் உட்காருவேன். கல்யாணமாகி அந்த ஊரை விட்டுப் போகும்வரை, ஜெபத்துக்குக் கண்ணை மூடுவதற்கு முன்னால் அந்த வெறும் காதுகளைத்தான் பார்ப்பேன்.