படகின் பின்பக்கத்தில் சிவப்பு எழுத்து

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதற்கு யாரும் என் கணவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சுனாமி அடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மனிதர் லில்லெஸ்ட்ரோம் பக்கம் போய், ஒரு வயதான நோர்வேக்காரரிடம் சின்னப் பாய்மரப் படகொன்றை வாங்கிவிட்டு வந்து சிரித்துக்கொண்டு நிற்கிறார். அதை ஏற்றி இழுக்கிற ட்ரெய்லரும் சேர்த்துத்தானாம். இரண்டுமே பழசு. வசந்தம் வரும்வரை தன் கொட்டகையிலேயே வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள் என்று அந்த மனிதர் இடமும் கொடுத்துவிட்டார். நல்ல மனசு. நான் அவரையும் சேர்த்துத் திட்டினேன்.

ஏனென்றால் திருகோணமலையில் அன்று காலை மீன் வாங்கக் கடற்கரைக்குப் போன என் அண்ணா வீடு திரும்பவில்லை. உடல் கிடைக்கவில்லை. கிடைக்காதவரை பிள்ளை இருக்கிறான் என்று அம்மா சொன்னார். அம்மாவைவிட நான் பிடிவாதமாக நின்றேன். செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டியைச் செய்துவிடுவோம் என்று ஊரில் சொந்தக்காரர் கதை எடுத்தபோது, ஒஸ்லோவில் நாங்கள் இருக்கிற புருசெத்திலிருந்து தொலைபேசியில் ஒவ்வொருவரையும் கிழித்துத் தொங்கவிட்டேன். அண்ணி பொட்டும் தாலியுமாகவே இருந்தார். கிழமைக்கொருக்கால் அவரோடு கதைப்பேன். "அண்ணா வருவார், யோசியாதேங்கோ" என்பேன். அவர் "ம்" என்பார்.

இந்த நிலையில்தான் எனக்குப் படகு. நான் ஒஸ்லோ துறைமுகப் பக்கமே போவதை விட்டிருந்தேன். அதுதான் அவருக்குப் பிரச்சினையாம்.

"கடலுக்கு ஒளிச்சுத் திரிஞ்சால் ஆயுள் முழுக்க ஒளிக்க வேணும். ஒருக்கா ஏறிப் பாரும், பயம் தெளியும்."

சொன்னவர் கடலே இல்லாத வவுனியாக்காரர். குளத்தில் எருமை குளிக்கப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். நீந்தத் தெரியாது.

புருசெத்தில் எங்கள் ஆட்களுக்கும் நல்ல பொழுதுபோக்கு. கடைக்குப் போனால், "என்ன, ஊருக்குத் திரும்பப் போறதுக்குப் படகு கட்டுறியளோ?" என்று பகிடி. அவர்களுக்குச் சிரித்துவிட்டு வந்து வீட்டில் பாத்திரங்களை அடித்து வைத்தேன்.

தை மாதம், விற்றுத் தொலையுங்கோ என்று சொல்லத்தான் முதன்முதலாக அந்தக் கொட்டகைக்குப் போனேன். போய்ப் பார்த்தால், மனிதர் உரிந்து தொங்குகிற பழைய பெயின்ற்றுக்கு மேலேயே புதுப் பெயின்ற் பூசிக்கொண்டிருக்கிறார். ஊத்தைத் தலைக்கு எண்ணெய் வைத்த மாதிரி. சண்டைக்கு வந்ததை மறந்து இன்னொரு சண்டை பிடித்தேன். தூரிகையைப் பிடுங்கி வைத்துவிட்டு மண்தாளை எடுத்தேன். அன்று தேய்க்கத் தொடங்கினவள்தான். ஞாயிறுதோறும் போனேன். மூலையில் ஒரு ஹீட்டர் உறுமும், குளிரில் என் வாயிலிருந்து புகை வரும், நான் திட்டிக்கொண்டே தேய்ப்பேன். கடலைத் திட்டினேன், அவரைத் திட்டினேன், மீன் இல்லாமல் சோறு இறங்காத அண்ணாவையும் திட்டினேன். கோபத்தில் ஒரு வசதி, கை நோகிறது தெரியாது.

ட்ரெய்லர் அதைவிட மோசம். உப்புத்தண்ணீர் தின்று ஒரு சக்கரம் அசையவே மறுத்தது. அவர் படுத்துக்கொண்டு உள்ளேயிருந்த பெயரிங்கை அடித்துக் கழற்றினார். புதியதற்கு நான் கையால் கிரீஸ் அப்பினேன். சட்டத்தின் துருவைக் கம்பித்தூரிகையால் சுரண்டினேன். பூஞ்சணம் பிடித்த படகுப் பாயை வீட்டுக்குக் கொண்டுவந்து குளியல் தொட்டியில் ஊறவைத்துத் துவைத்தேன். இவ்வளவும் செய்தும் படகில் ஏறமாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் வற்புறுத்தவில்லை.

பங்குனியில் எனக்குக் காய்ச்சல், இரண்டொரு ஞாயிறு போகவில்லை. பிறகு போனபோது படகு வெள்ளை வெளேரென்று நின்றது. பின்பக்கத்தில் சிவப்பில், அண்ணாவை வீட்டில் நாங்கள் கூப்பிடுகிற பெயர். அதற்குக் கீழே, "நினைவாக".

எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. கோயில் மின்விசிறியில் யாராவது ஒருவரின் நினைவாக என்று எழுதாவிட்டால் காற்று வராது. தண்ணீர்த் தொட்டி, பஸ் தரிப்பிடம், மண்டபத்துக் கதிரை, எல்லாவற்றிலும் ஒரு செத்தவர். அந்தப் பழக்கத்தில் இவரும் கையெழுத்தை வடிவாக்கி எழுதி வைத்திருக்கிறார்.

"ஆரின்ரை நினைவாக?" என்று கேட்டேன். "ஆர் உங்களுக்குச் சொன்னது அவர் செத்தவரெண்டு?"

"உமக்கு ஆறுதலாயிருக்குமெண்டு..."

"எங்கடை வீட்டிலை ஒருத்தரும் சொல்லாததைப் பெயின்ற்றாலை எழுதிப்போட்டு எனக்கு ஆறுதல் சொல்லுறியளோ?"

அவர் பிறகுதான் மற்றதைச் சொன்னார். படம் எடுத்து, அண்ணி வீட்டுக்குப் பக்கத்துக் கொம்பியூட்டர் கடைக்கு ஈமெயிலில் அனுப்பிவிட்டாராம். கடைக்காரன் அச்செடுத்து அண்ணியிடம் கொடுப்பானாம்.

 கையில் அகப்பட்ட மண்தாளால் அந்தச் சொல்லைத் தேய்த்தேன். பெயரை விட்டுவிட்டுக் கீழே இருந்ததை மட்டும், வெள்ளையும் போய் அடித்தளம் தெரியுமட்டும் தேய்த்தேன். அவர் தடுக்கவில்லை. வீடு வரும்வரை காரில் அண்ணியிடம் என்ன சொல்லிச் சமாளிப்பது என்பதே யோசனை. இந்த மனிதருக்கு மூளை பிசகு, எழுதினதை அழித்தாயிற்று, நீங்கள் ஒன்றும் நினையாதேங்கோ என்று சொல்வதாக முடிவு செய்தேன். மேற்சட்டையைக்கூடக் கழற்றாமல் தொலைபேசியை எடுத்தேன்.

"அண்ணி, அந்தப் படம்..."

"கிடைச்சது மச்சாள்" என்றார். "கையிலைதான் வைச்சிருக்கிறன்."

நான் தொடங்குமுன் அவர் தொடர்ந்தார். கிழமைக்கொருக்கால் "ம்" மட்டும் சொன்னவர் அன்று நிறுத்தாமல் கதைத்தார்.

"எல்லாரும் வருவார் வருவார் எண்டு சொல்லி என்ரை வாயை அடைச்சுப்போட்டியள். பொட்டை அழிச்சால் நான்தான் அவரைக் கொன்றதெண்டு மாமி சொல்லுவா. அழுதாலும் குற்றம். இந்தப் படத்தைப் பார்த்துத்தான் இண்டைக்கு வாய்விட்டு அழுதனான். உங்கடை அவரிட்டைச் சொல்லுங்கோ, எழுதினது நல்ல காரியம்."

என் நகத்துக்குள் அடைந்திருந்த சிவப்புத் தூளைப் பார்த்தேன்.

"மச்சாள், கடல் தண்ணி பட்டால் அந்த எழுத்து அழியாதுதானே?"

"அழியாது அண்ணி" என்றேன்.

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் அப்போதுதான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"சப்பாத்தைப் போடுங்கோ. காரை எடுங்கோ."

"இப்ப எங்கையப்பா?"

"சிவப்புப் பெயின்ற் மிச்சம் இருக்கோ இல்லையோ, அதை முதல் சொல்லுங்கோ."