மருந்துக்கு விலை கேட்டவள்

எங்கள் வீட்டுக் கடைக்குட்டி அழகம்மா போராடி வென்றவை மூன்று: பிறந்த மாதமே வந்த நிமோனியாவிடமிருந்து தன் உயிர், இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த பின் மூக்குக் குத்திக் காப்பாற்றிய மகன் மூக்கன், தலவாக்கலை மருந்துக்கடை முதலாளியிடமிருந்து ஒரு விலை. அவளை அதிகம் களைக்க வைத்தது மூன்றாவதுதான்.

மூக்கனுக்கு வலிப்பு. மாத்திரையை ஒருநாள்கூட விடக்கூடாது. பாதியைச் சம்பளம் வாங்கியதும், மீதியை மாத நடுவிலும் வாங்குவாள். வட்டகொடைத் தேயிலைத் தோட்ட லயங்களில் யாரும் மருந்துக்கு விலை கேட்பதில்லை. கேட்டால் மருந்து பலிக்காது என்ற பயம். முடிச்சை அவிழ்த்துக் காசை மேசையில் வைப்பார்கள். முதலாளி எடுத்தது போக மீதியைத் தள்ளுவார். அவர் கூடுதலாக எடுத்த ஒரு மாதம், அடுத்த பாதிக்குக் காசில்லை. மாத்திரை இல்லாத மூக்கன் வலிப்பில் அடுப்போரம் விழுந்து கையைச் சுட்டுக்கொண்டான்.

அடுத்த சம்பளத்தில் அழகம்மா முடிச்சை அவிழ்க்கவில்லை. விலை கேட்டாள்.

"இது என்ன கருவாடா, வெல பேச?" என்றார் முதலாளி.

"கருவாட்டுக்கே வெல சொல்றாங்க, மொதலாளி. எம் புள்ள மருந்துக்குச் சொன்னா என்ன?"

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சொன்ன விலை, முன்பு எடுத்ததில் பாதிகூட இல்லை.

அந்த வாரமே மூக்கனுக்கு மறுபடி இழுத்தது. மாமியார் சண்முகவடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வெல கேட்டுட்டு வந்தியே, பலிக்குமாடி?"

அழகம்மாவுக்கும் அதே பயம்தான். பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்தவர்களும் பேச்சைக் குறைத்தார்கள்.

மாத நடுவில் மழையில் நடந்து போய் மறுபடி கேட்டாள். முதலாளி வேறு விலை சொன்னார். பழைய விலையைத் தான் சொல்லவேயில்லை என்றார். எழுதித் தரச் சொன்னாள்.

"வெல எழுதின துண்டு வேணும்னா கடப் பொத்தகத்துல கையெழுத்துப் போடணும். கைரேக செல்லாது."

அவர் கேட்ட காசைக் கொடுத்து மாத்திரையோடு திரும்பினாள். அன்றிலிருந்து, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் மூத்த அண்ணனிடம் சிலேட்டோடு உட்கார்ந்தாள். கொழுந்துக் கறை படிந்த விரல்கள் மரத்துப்போயிருந்தன. 'ழ'வின் சுழி சரியாகும்வரை அண்ணன் விடவில்லை, அவளும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த முறை, விலை எழுதிய துண்டும் மாத்திரையும் சேர்ந்தே அவள் கைக்கு வந்தன. அந்த மாதம் மூக்கன் ஒருநாளும் மருந்தில்லாமல் இருக்கவில்லை. அழகம்மா முதன்முதலாக அந்தக் கடைப் பொத்தகத்தில் தன் பெயரைக் கையெழுத்திட்டது 1957 ஜூலை 13, சனிக்கிழமை.