ஜாய்சன் இரண்டு தடவை அயர்லாந்து போனான்

என் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெட்டி என்பவளுக்கு ஏழாவதோடு படிப்பு நின்றது. ஒரு ஆபீஸில் கூட்டித் துடைத்தே மகன் ஜாய்சனை பி.காம். முடிக்க வைத்தாள். அவர்கள் வம்சத்திலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். அவனுக்கு அயர்லாந்தில் மேல்படிப்புக்குச் சீட் கிடைத்ததும் லிங்கராஜபுரத்தில் அவள் சொல்லாத ஆளில்லை. பால் போடுபவரிடம் மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

ஸ்தோத்திரக் கூட்டம் நடத்தாமல் மகனை அனுப்புவாளா? பாஸ்டர் டைரியைப் புரட்டினார். ஆகஸ்ட் கடைசி ஞாயிறை விட்டால் நவம்பர்தானாம். வீசா வந்துவிட்டதா என்று கேட்டார். "வந்துடுச்சு பாஸ்டர்" என்று பெட்டி கூசாமல் சொல்லிவிட்டாள். எங்கே வந்தது? நாலு நாளில் வந்துவிடும் என்ற நம்பிக்கைதான்.

கூட்டத்துக்கு அறுபது பேர். பிரியாணி தீர்ந்தது, பாட்டும் தீர்ந்தது, ஒருத்தரும் நகரவில்லை. பையனை வண்டி ஏற்றிவிட்டுத்தான் போவார்களாம்! வேறு வழியில்லாமல் டாக்ஸி வந்தது. பெட்டி மார்பில் அடித்துக்கொண்டு அழுத அழுகையைப் பார்த்து நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஜாய்சன் பக்கத்திலிருக்கும் ஹென்னூர் வரை போய்ப் பரோட்டா தின்றுவிட்டு, மழையில் தெரு காலியானதும் மாடிக்குத் திரும்பிவிட்டான்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது தண்ணீர்தான். ஒரு ஆள் குறைந்தும் டேங்க் பழைய வேகத்திலேயே காலியானது. கீழேயிருந்து கத்தினேன்.

"ஏம்மா, ஒத்த ஆளுக்கு இவ்ளோ தண்ணியா?"

"அவன் போன துக்கம் அங்கிள். அழுது அழுது மூஞ்சி கழுவறேன்."

"மூஞ்சிக்கு அரை டேங்கா?"

சந்தேகம் விடவில்லை. ஜாய்சனுக்கு வாட்ஸ்அப்பில் போன் போட்டேன்.

"அங்க எப்படிடா இருக்கு?"

"செம குளிர் அங்கிள். கையெல்லாம் விறைக்குது."

அந்த நேரம் பார்த்துத் தெருவில் காய்கறி வண்டி வந்தது. "ஈருள்ளி, டொமேட்டோ" என்று கன்னடத்தில் அதன் ஸ்பீக்கர் என் இடது காதில் அலறியது. வலது காதில், போனிலும் அலறியது.

"என்னடா சத்தம்?"

"இங்கயும் நம்ம ஊரு ஆளுங்கதான் அங்கிள் வெங்காயம் விக்கறாங்க."

திருட்டுப் பயல்! படியேறிப் போய்க் கதவைத் தட்டினேன். பெட்டி திறந்தாள். அவளுக்குப் பின்னால் அயர்லாந்து லுங்கி கட்டிக்கொண்டு நின்றது.

"வெளிய சொல்லிடாதீங்க அங்கிள். பாஸ்டர்கிட்ட பொய் சொன்னேன்னு தெரிஞ்சா சர்ச்சுல தலைகாட்ட முடியாது. இருபதாம் தேதிக்குள்ள அங்க போய்ச் சேரலைன்னா சீட்டும் போயிடும்."

"புத்தியிருக்கா உனக்கு?" என்று திட்டிவிட்டு இறங்கி வந்தேன். மறுநாளிலிருந்து மோட்டாரைக் கால் மணி நேரம் கூடுதலாக ஓட்டினேன். என்ன செய்து தொலைப்பது?

செப்டம்பர் பதினாறாம் தேதி வீசா வந்தது. மறுநாள் மத்தியானமே கிளம்ப வேண்டும். சூட்கேஸைப் பழைய சாமான் என்று சொல்லி என் ஸ்கூட்டரில் கொண்டுபோய் மெயின் ரோட்டில் ஒரு கடையில் வைத்தேன். சாப்பாடு டெலிவரி செய்ய வந்தவன் மாதிரி ஹெல்மெட், மாஸ்க் எல்லாம் மாட்டிக்கொண்டு ஜாய்சன் படியிறங்கினான். வாசல்களில் பெண்கள் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அவனிடம் "ஏம்ப்பா, கூப்பன் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டாள்.

மேலே பெட்டி துணி காயப்போடுவதுபோல் நின்றாள். கையாட்ட முடியாது. அவன் திரும்பிப் பார்க்க முடியாது. ஒரே துண்டை நாலு தடவை உதறினாள். போன மாதமே போன மகனுக்காக இன்றைக்கு அழுதால் தெரு சும்மா விடுமா? அன்றைக்கு அறுபது பேர் முன்னால் பொய்யாக அழுதவள், இப்போது நிஜமாக அழ வழியில்லாமல் நின்றாள்.

நடுத்தெருவுக்குப் போய் லுங்கியை மடித்துக் கட்டினேன்.

"ஏய் பெட்டி! தண்ணி என்ன உங்கப்பன் வீட்டுதா? ஒத்த ஆளுக்கு ஒரு டேங்கா? இன்னைக்கே வீட்டைக் காலி பண்ணு!"

பெட்டி திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். அப்புறம் துண்டில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதாள். தெருக்கோடியில் ஹெல்மெட் ஒரு தடவை திரும்பிவிட்டு மறைந்தது.

எதிர்வீட்டு லட்சுமம்மா ஓடி வந்தாள். "புள்ளைய அனுப்பிட்டுத் தனியா கெடக்கறவள இப்படியா திட்டுவீங்க கிளிஃபர்ட்? மனுஷனா நீங்க?"

மேலே பெட்டி இன்னும் அழுது முடிக்கவில்லை. அதனால் நான் இன்னும் கொஞ்சம் கத்தினேன்.