மூன்றாவது பெஞ்சில் சம்சாரம்

தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘இங்கிலீஷ்’ என்றால் போதும். “இங்கிலீஷ் வந்தாச்சா?”, “இங்கிலீஷ் யார்கிட்டயோ வாயைக் குடுத்து மாட்டிக்கிச்சு” என்று அஃறிணையில்தான் பேச்சு. டயர்க்கடைக்கு மேலே ஒற்றை அறையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறார். வாசல் போர்டில் அவர் படம். படத்தில் தலை நிறைய முடி. போர்டில் இருப்பது உங்கள் தம்பியா என்று கேட்டவர்கள் உண்டு. மனுஷன் அதையும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார். அப்படி ஒரு பிறவி.

குடும்பம் ஓடுவது என்னவோ அவர் சம்சாரத்தின் கையால். ஆஸ்பத்திரித் துணிப் பிரிவில் அவளுக்கு வேலை. வார்டு வார்டாக வரும் படுக்கை விரிப்புகளைப் பிரிக்க வேண்டும், ரத்தக் கறை பட்டதைத் தனியே ஊறப்போட வேண்டும், காய்ந்ததை ஆளுக்கொரு முனை பிடித்து உதறி மடிக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தாலும் கையில் சோப்பு நெடி போகாது. அவளும் பட்டதாரிதான். அவரோடு ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, அதே இங்கிலீஷ் பாடம். அவள் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்துத்தான் ஐயா பாஸ் பண்ணினார். அந்தச் சேதி மட்டும் அவருக்குச் சௌகரியமாக மறந்துவிட்டது.

இப்போது ஆஸ்பத்திரிக்காரர்கள் வேறு ஊரில் ஒரு கிளை திறக்கிறார்கள். அங்கே துணிப் பிரிவு முழுவதற்கும் அவளே பொறுப்பு, தங்க வீடு உண்டு, மகளுக்குப் பள்ளிக்கூடமும் பக்கத்திலேயே. “வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிடும்மா. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க” என்று மேட்ரன் கெடு வைத்திருந்தார்.

அவரோ அசைவதாக இல்லை. “நான் மேலே வர்ற நேரத்துல மூட்டை கட்டச் சொல்றியே, உனக்கே நல்லா இருக்கா?” என்றார். மேலே வருவது என்னவென்றால், ஒரு பெரிய கம்பெனியிலிருந்து அதிகாரி ஒருத்தர் வகுப்பைப் பார்க்க வருகிறாராம். பிடித்துவிட்டால் கம்பெனி ஆட்கள் எல்லோருக்கும் இவர்தான் இங்கிலீஷ் சொல்லித்தருவாராம். இதற்கு முன் ரேடியோவில் பேசக் கூப்பிடப் போகிறார்கள் என்றார். ஒரு காலேஜே கையில் வரப்போகிறது என்றார். எல்லாம் புஸ்ஸென்று போனது. ஆனாலும் அவள் நப்பாசை விடவில்லை. கட்டின குடும்பத்தைக் கலைக்க யாருக்கு மனசு வரும்? இந்த ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மேட்ரனுக்குப் பதில் சொல்லாமல் இழுத்தடித்தாள்.

அதிகாரி வருவதும் அதே வெள்ளிக்கிழமைதான். அன்று வகுப்பில் இருந்தது கொட்டாவி விடுகிற நாலு பையன்கள். ஐயாவுக்கு வேர்த்துவிட்டது. கீழே ஓடி டயர்க்கடைக்காரரையும் அவர் ஆட்களையும் பிடித்து வந்தார். எதிர்க்கடை முடிதிருத்துகிறவரும் வாட்ச்மேனும் வந்தார்கள். கடைசியில் சம்சாரத்தையும் மூன்றாவது பெஞ்சில் உட்கார வைத்தார். “யாரும் வாயைத் திறக்க வேணாம். தலையை ஆட்டுங்க, போதும்” என்று கட்டளை. அவளுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. சரி, நம் குடும்பத்துக்குத்தானே என்று பொறுத்துக்கொண்டாள்.

அதிகாரி ஒரு பெண்மணி. பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வாத்தியார் பாடத்தை ஆரம்பித்தார்.

“இல்யூஷன்னா ஏமாந்து தெரியறது. வெயில்ல தார் ரோட்டுல தண்ணி நிக்கிற மாதிரி இருக்கும். கிட்டப் போய், ‘அட, தண்ணி இல்லையே’ன்னு ஒத்துக்கிட்டா அது இல்யூஷன். போய்ப் பார்த்த பிறகும் தண்ணி இருக்குன்னு சட்டையைக் கழட்டிட்டுக் குளிக்க உட்கார்ந்தா அது டெல்யூஷன். வீட்டுக்குள்ளயே ஆறு ஓடுறது தெரிஞ்சா ஹாலுசினேஷன், டாக்டர்கிட்ட போகணும். சாதாரணப் பேச்சுல ‘ஐ ஹேவ் நோ இல்யூஷன்ஸ்’னா எனக்கு வீண் நம்பிக்கை எதுவும் இல்லைன்னு அர்த்தம். நம்பி ஏமாந்து தெளிஞ்சவன் டிசில்யூஷன்ட். மேடையில ஆளை மறைய வச்சு வித்தை காட்டுறவன் இல்யூஷனிஸ்ட்.”

டயர்க்கடைக்காரர் தேவைக்கு மேலேயே தலையை ஆட்டினார். பொய் சொல்லக் கூடாது, மனுஷன் தெளிவாகத்தான் சொன்னார். இவ்வளவு தெரிந்தவருக்கு இதில் ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்கவில்லையே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அதிகாரியின் பார்வை மூன்றாவது பெஞ்சில் நின்றது. “இந்தம்மா யாரு?”

“இவங்களா மேடம்? ஆஸ்பத்திரியில துணி தொவைக்கிறவங்க. ஏ பி சி டி கூடத் தெரியாம வந்தாங்க. என் மெத்தட்ல மூணே மாசம், இப்ப பாருங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார், நாக்கு கூசாமல். டயர்க்கடைக்காரர் குனிந்து தன் கால்விரலைப் பார்த்தார். மாணவியாக உட்காரத்தான் அவள் சம்மதித்திருந்தாள். இதற்கு இல்லை. அவளுக்கு வந்தது அவமானம் கூட இல்லை, அருவருப்பு. இந்த ஆளோடா இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தோம் என்று தோன்றியது.

“உங்க வாழ்க்கையில இருந்தே ஒரு உதாரணம் சொல்லுங்களேன்” என்றார் அதிகாரி.

அவள் எழுந்தாள். இங்கிலீஷில்தான் சொன்னாள், தடுமாறாமல். என் வீட்டுக்காரர் தன்னைப் பெரிய ஆள் என்று நம்புகிறார், யார் எதைக் காட்டினாலும் அந்த நம்பிக்கை அசையாது, அது டெல்யூஷன். என்றைக்காவது என்னை ஒரு மனுஷியாக மதிப்பார் என்று நான் நம்பினேன், அது என் இல்யூஷன். இந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே அது போய்விட்டது.

வாட்ச்மேன் சொன்னபடி தலையை ஆட்டினார். அதிகாரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் கைதட்டியது யார் தெரியுமா? நம்ம வாத்தியார்தான்.

“பார்த்தீங்களா மேடம்? மூணே மாசம்” என்றார். பெருமையில் கண் கலங்கிவிட்டது அந்த ஜென்மத்துக்கு.

அதிகாரி, “சொல்லி அனுப்பறேன் சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினார். போகிறபோது அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

“கெடைச்ச மாதிரிதான்” என்று வாத்தியார் கையைத் தேய்த்தார்.

“அண்ணே, தங்கச்சி முகத்தைப் பார்த்தீங்களா?” என்றார் டயர்க்கடைக்காரர்.

“பார்த்தேனே. என்னா கான்ஃபிடன்ஸ்!”

அவள் கீழே வந்து, டயர் அடுக்கின் ஓரமாக நின்று மேட்ரனுக்குப் போன் போட்டாள்.

“நான் வர்றேம்மா.”

“ரொம்பச் சந்தோஷம். வீடு ஒதுக்கச் சொல்லி எழுதணும், எத்தனை பேரு வர்றீங்க?”

“ரெண்டு பேரு. நானும் என் மகளும்.”

“உங்க சார் வரலையா?”

மாடியில் அவர் முடிதிருத்துகிறவரைப் பிடித்து வைத்து, கம்பெனியில் தனக்குத் தரப்போகிற அறை எப்படி இருக்கும் என்று விவரித்துக்கொண்டிருந்தார். குரல் தெரு வரை கேட்டது.

“அவருக்கு இங்கயே பெரிய வேலை கெடைச்சிருக்காம்மா” என்றாள் அவள்.